பெயர்ப்பலகைக்கு மேல் ஒரு தமிழ் எழுத்து

மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரே கூரையின் கீழ் மூன்று தலைமுறை இருக்கிறது. கூடவே மூன்று விதமான எழுத்தறிவும் இருக்கிறது. ஊரிலிருந்து வந்து பிள்ளைகளோடு தங்கியிருக்கும் பெரியவர்கள் பலருக்குத் தமிழ் எழுத்து மட்டுமே தெரியும். வேலைக்குப் போகும் நடுத் தலைமுறை தமிழும் ஆங்கிலமும் படிக்கும். தேவநாகரியை எழுத்துக் கூட்டி வாசிக்கும் அளவுக்குப் பழகியிருக்கும். இங்கேயே பிறந்த பிள்ளைகளோ மராத்தி, இந்தி, ஆங்கிலம் மூன்றையும் மளமளவென்று வாசிப்பார்கள். தமிழ் பேசுவார்கள். தமிழ் எழுத்தைக் கண்டால் மட்டும் சிக்குக் கோலத்தைப் பார்ப்பது போல விழிப்பார்கள்.

இதில் அதிகம் இழப்பவர்கள் பெரியவர்களே. ஊரில் தனியாகச் சந்தைக்கும் வங்கிக்கும் போய் வந்தவர்கள், இங்கே மூன்று ரயில் நிலையம் தள்ளியிருக்கும் மகள் வீட்டுக்குப் போவதற்குக்கூடத் துணைக்கு ஒருவர் ஓய்வாகும் வரை காத்திருக்கிறார்கள். முழங்கால் வலி மட்டும் அதற்குக் காரணமில்லை. கண் முன்னே உள்ள பலகை என்ன சொல்கிறது என்று தெரியாததும் ஒரு காரணம்.

இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் கணிப்பொறி படித்த இளைஞர் யாராவது ஒருவர், "கைப்பேசியைப் பலகைக்கு நேராகப் பிடித்தால் அதன் மேலேயே தமிழ் தெரியும்படி செய்துவிடலாமே!" என்பார். செய்யலாம்தான். ஆனால் அப்படிச் செய்தது பெரியவர்களுக்குப் பயன்படுமா, எந்த இடத்தில் பயன்படும், எந்த இடத்தில் தொல்லையாகும் என்பதை எப்படி அறிவது? நான் ஒரு கணிப்பொறி நிறுவனத்தில் பயன்பாட்டு வடிவமைப்பு வேலை பார்க்கிறேன். நானும் இரண்டு நண்பர்களும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் இதே யோசனையை எடுத்துக்கொண்டு, ஒரு வரி நிரல்கூட எழுதாமல் சோதித்துப் பார்த்தோம். அந்த முறையை நம் வாசகர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மிகை மெய்ம்மை என்றால் என்ன?

கண்ணுக்கு எதிரே உள்ள உண்மையான காட்சியின் மேல், கணிப்பொறி உருவாக்கிய எழுத்தையோ படத்தையோ பொருத்திக் காட்டுவதை ஆங்கிலத்தில் ஆக்மென்டட் ரியாலிட்டி என்கிறார்கள். தமிழில் இதை மிகை மெய்ம்மை என்று எழுதுவோர் உண்டு. மெய்நிகர் உலகம் என்று சொல்லப்படுவது வேறு. அது நம் கண்ணை முழுதும் மூடி வேறோர் இடத்துக்குக் கொண்டுபோய்விடும். மிகை மெய்ம்மையில் நாம் நிற்கும் தெரு அப்படியே இருக்கும். அதன் மேல் ஒரு குறிப்பு மட்டும் கூடுதலாகத் தெரியும். தையற்காரர் துணியின் மேலேயே சாக்குக் கட்டியால் கோடு போட்டுக்கொள்வது போல என்று வைத்துக்கொள்ளலாம். அளவு ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருப்பதைவிட, வெட்ட வேண்டிய இடத்திலேயே இருப்பது வசதி.

இதன் வேர் பழையது. 1968-ல் அமெரிக்காவில் ஐவன் சதர்லாண்ட் என்னும் அறிஞர், தலையில் மாட்டிக்கொள்ளும் ஒரு கருவியைச் செய்து காட்டினார். கூரையிலிருந்து வந்த தண்டு ஒன்றோடு அது பொருத்தப்பட்டிருந்தது. ஆக்மென்டட் ரியாலிட்டி என்ற பெயர் 1990-களின் தொடக்கத்தில் போயிங் விமான நிறுவனத்தில் பணியாற்றிய டாம் காடெல், டேவிட் மைசெல் ஆகியோரிடமிருந்து வந்தது. விமானத்துக்கான மின்கம்பிகளைப் பெரிய பலகைகளின் மேல் தொழிலாளர்கள் கட்டுக் கட்டாக அடுக்குவார்கள். எந்தக் கம்பி எந்த வழியாகப் போக வேண்டும் என்று அடிக்கடி வரைபடத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த வழியைக் கண்ணாடி மூலம் பலகை மேலேயே காட்டினால் என்ன என்பதுதான் அவர்கள் யோசனை.

இந்த எடுத்துக்காட்டில் மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும். தொழிலாளியின் இரண்டு கையும் வேலையில் இருந்தன. அவர் நின்ற இடம் மாறவில்லை. அவருக்குத் தேவையான குறிப்பு எதுவென்று முன்கூட்டியே தெரியும். இந்த மூன்றும் பொருந்தி வந்ததால் அந்த யோசனைக்கு அர்த்தம் இருந்தது. நம் ரயில் நிலையத்திலும் காய்கறிச் சந்தையிலும் இவை பொருந்துமா என்பதே கேள்வி.

1997-ல் ரொனால்ட் அசுமா என்ற ஆய்வாளர் இத்துறைக்கு ஓர் இலக்கணம் வகுத்தார். உண்மையும் கற்பனையும் கலந்திருக்க வேண்டும். நாம் அசைந்தால் உடனுக்குடன் அதுவும் மாற வேண்டும். முப்பரிமாண வெளியில் உரிய இடத்தில் பொருந்தி நிற்க வேண்டும். இன்றும் பாடநூல்கள் இதைத்தான் சொல்கின்றன.

காமிரா எப்படி வாசிக்கிறது?

பெயர்ப்பலகை வாசிக்கும் வேலையில் கைப்பேசி பல காரியங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்கிறது. முதலில், காமிராவில் விழும் காட்சியில் எழுத்து எங்கே இருக்கிறது என்று தேடுகிறது. அடுத்து, அது என்ன எழுத்து என்று அடையாளம் காண்கிறது. தேவநாகரியில் சொல்லின் தலைமேல் ஒரே கோடு ஓடி எழுத்துகளை ஒட்டிவிடுவதால், தனித்தனியே பிரித்தறிவது தொடக்க காலத்தில் கடினமாகவே இருந்தது. பிறகு அந்தச் சொல்லை நம் மொழிக்கு மாற்றுகிறது. கடைசியில் பலகையின் பின்னணி நிறத்தைப் பூசிப் பழைய எழுத்தை மறைத்து, அதன் மேல் புதிய எழுத்தை வரைகிறது. கை சற்று அசைந்தாலும் எழுத்து நழுவாமல் இருக்க வேண்டும். அதற்காகக் காட்சியில் உள்ள மூலைகள், புள்ளிகள் போன்ற அடையாளங்களையும், கைப்பேசிக்குள் இருக்கும் அசைவு உணரிகளையும் சேர்த்துத் தன் நிலையை இடைவிடாமல் கணக்கிட்டுக்கொள்கிறது. வெறும் வெள்ளைச் சுவரையோ பளபளக்கும் தரையையோ காட்டினால் பிடித்துக்கொள்ளப் புள்ளி கிடைக்காமல் அது தடுமாறும்.

2010-ல் வோர்ட் லென்ஸ் என்ற பெயரில் இப்படியொரு செயலி வெளிவந்தது. 2014-ல் அதைச் செய்த நிறுவனத்தைக் கூகுள் வாங்கி, 2015-ல் தன் மொழிபெயர்ப்புச் செயலியோடு இணைத்தது. பின்னர் மேலும் பல மொழிகளுக்கு அது விரிவடைந்தது. இன்று இந்திப் பலகையைத் தமிழாக்கிக் காட்டும் வசதி இலவசமாகவே கிடைக்கிறது. ஆக, "செய்ய முடியுமா?" என்ற கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. "நம் வீட்டுப் பெரியவருக்கு இது உதவுமா?" என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அதற்குப் பதில் எந்த நிறுவனத்திடமும் இல்லை. நாம்தான் கேட்டறிய வேண்டும்.

முதலில் தேவை, பிறகு கருவி

எங்கள் முதல் வேலை ஒரு நோட்டுப் புத்தகம். தெரிந்த குடும்பங்களில் நான்கு பெரியவர்களிடம், "ஒரு வாரம் வெளியே போகும்போது, எப்போதெல்லாம் பிறரிடம் வழியோ விவரமோ கேட்க நேர்கிறது என்று ஞாபகம் வைத்துச் சொல்லுங்கள்" என்றோம். மாலையில் பேரப்பிள்ளை அதைக் குறித்துக்கொள்ளும்.

வந்த பட்டியல் எளிமையாக இருந்தது. எந்தப் பேருந்து? அடுத்து என்ன நிலையம்? மருத்துவமனையில் எந்த அறை? மாத்திரை அட்டையில் என்ன எழுதியிருக்கிறது? கடைப் பெயர் எதுவும் பட்டியலில் வரவில்லை. கடையை அவர்கள் பெயரால் அறிவதில்லை. வாசலில் தொங்கும் பொருளால் அறிகிறார்கள். தெருவில் உள்ள எல்லாப் பலகைகளையும் தமிழாக்கும் செயலி பார்ப்பதற்கு அழகாக இருக்கும். ஆனால் அந்தப் பெரியவர்களுக்கு வேண்டியது நான்கைந்து பலகைகளே.

பட்டியலின் தலையில் இருந்தது பேருந்து எண். மும்பைப் பேருந்துகளின் நெற்றியில் நெடுங்காலமாகத் தேவநாகரி எண்களே இருந்து வந்திருக்கின்றன. புதிதாக வந்தவர் கண்ணுக்கு அங்கே உள்ள ஒன்று, ஒன்பது போலத் தெரியும். இதற்குக் கைப்பேசி உதவுமா என்று நிறுத்தத்தில் நின்று கணக்குப் பார்த்தோம். பேருந்து கண்ணில் படுவதற்கும் புறப்பட்டுப் போவதற்கும் இடையே கிடைப்பது கொஞ்ச நேரம்தான். அதற்குள் பையைத் திறந்து, கைப்பேசியை எடுத்து, பூட்டை நீக்கி, காமிராவைத் திறந்து, நகரும் வண்டிக்கு நேராகப் பிடிப்பது அறுபது வயதைத் தாண்டியவருக்கு ஆகிற காரியமா? இந்த வேலைக்கு மிகை மெய்ம்மை வேண்டாம் என்று அங்கேயே முடிவாயிற்று. ஓர் அட்டையில் தேவநாகரி எண்கள் பத்தையும், நேராக நாம் எழுதும் எண்களையும் பெரிதாக எழுதிக் கொடுத்தோம். அதைப் பர்ஸில் வைத்துக்கொண்டவர்களில் ஒருவருக்குச் சில நாட்களில் அட்டையே தேவைப்படவில்லை, எண்கள் மனப்பாடமாகிவிட்டன.

சோதனை என்பது இதற்குத்தான். யோசனை நன்றாக இருக்கிறது என்று நிரூபிக்க மட்டும் சோதனை செய்வதில்லை. கைவிட வேண்டியதைச் செலவில்லாமல் கைவிடவும் செய்கிறோம்.

அட்டைக் கைப்பேசி

மிஞ்சிய தேவைகளில் ரயில் நிலையப் பெயரை எடுத்துக்கொண்டோம். அதற்குக் கருவி செய்தோம். பொருட்கள்: ஒரு பழைய அட்டைப் பெட்டி, கத்தரிக்கோல், நெகிழித் தாள், மார்க்கர் பேனா. அட்டையைக் கைப்பேசி அளவுக்கு வெட்டி, நடுவில் திரையளவுக்கு ஒரு சன்னல் விட்டு, அதில் நெகிழித் தாளை ஒட்டினால் அட்டைக் கைப்பேசி தயார். அதன் வழியே பார்த்தால் எதிரே உள்ள பலகை தெரியும். தாளின் மேல் எழுதினால், பலகையின் மேல் எழுதியது போலத் தோன்றும்.

இது விளையாட்டுப் போலத் தோன்றலாம். ஆனால் பெரிய தொழில்களும் இப்படித் தொடங்கியதுண்டு. 1996-ல் விற்பனைக்கு வந்த பாம் பைலட் என்ற கையடக்கக் கணிப்பொறியை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், அதற்கு முன்பு அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். யாராவது ஒரு தேதி சொன்னால் கட்டையை எடுத்து அதில் குறிப்பது போல நடிப்பார். எந்த வேலைக்கு அதை எடுக்கத் தோன்றுகிறது, எதற்குத் தோன்றவில்லை என்பது அவருக்கு அப்படியே விளங்கியது.

எங்கள் அட்டைக் கைப்பேசியை முதலில் கையில் வாங்கியவர் செம்பூரில் மகனோடு வசிக்கும் திருநெல்வேலிப் பக்கத்து ஆச்சி ஒருவர். அவருடைய மகள் வீடு சுனாபட்டியில். செம்பூருக்கு அடுத்து திலக் நகர், குர்லா, அதற்கடுத்து சுனாபட்டி. குடியிருப்பு வளாகத்தின் சுவரில், நிலையப் பலகை போலவே தேவநாகரியில் எழுதிய தாள்களை ஒட்டினோம். ஆச்சி அட்டையைப் பிடித்துப் பார்க்க, பக்கத்தில் நின்றவர் உரிய சீட்டைச் சன்னலில் செருகினார்.

முதல் சுற்றில் செருகியது மொழிபெயர்ப்பு. அந்த ஊர்ப் பெயரின் பொருள் சுண்ணாம்புக் காளவாய். ஆச்சி வாசித்துவிட்டுச் சிரித்தார். "எய்யா, டிக்கெட் குடுக்கிறவன்கிட்ட சுண்ணாம்புக் காளவாய்னா கேக்கச் சொல்லுதிய?" என்றார். நியாயம்தானே! இதே வழியில் மஸ்ஜித் என்ற நிலையத்தை மொழிபெயர்த்தால் பள்ளிவாசல் என்று வரும். மேற்கு ரயில் பாதையில் உள்ள கார் நிலையத்தின் பெயருக்கு மராத்தியில் அணில் என்றும் ஒரு பொருள் உண்டு. ஊர்ப் பெயருக்கு வேண்டியது பொருள் அன்று, ஒலி. மருத்துவமனை அறைக்கோ மாத்திரை அட்டைக்கோ வேண்டியது பொருள். ஒரே காமிரா இரண்டு விதமாக நடந்துகொள்ள வேண்டும் என்பது அந்தச் சிரிப்பில் தெரிந்துபோயிற்று.

இரண்டாவது சுற்றில் ஒலியைத் தமிழ் எழுத்தில் எழுதிச் செருகினோம். இப்போது வேறொரு சிக்கல். நம் எழுத்தில் க என்ற ஒன்றே வடமொழி எழுத்துமுறையின் நான்கு ஒலிகளுக்கும் நிற்கிறது; ச, ட, த, ப ஆகியவையும் அப்படியே. பாண்டுப் என்று எழுதினால் தமிழர் பாண்டியனில் வரும் பா-வைச் சொல்வார். ஊர்க்காரர்கள் சொல்வது அடிவயிற்றிலிருந்து வரும் ஒலி. சுனாபட்டியில் வரும் முதலெழுத்தை நாம் சுண்டலில் சொல்வது போலச் சொன்னால் கேட்பவருக்குப் புரியாது. அச்சு என்பதில் வருவது போல அழுத்திச் சொல்ல வேண்டும். "கோவில்பட்டி மாதிரி இதுவும் ஒரு பட்டியா?" என்று ஆச்சி கேட்டது வேடிக்கையாக இருந்தாலும், அதில் ஒரு பாடம் இருந்தது. எழுத்து மட்டும் போதாது. உச்சரிப்பும் காதில் விழ வேண்டும்.

திரைக்குப் பின்னால் ஒருவர்

உச்சரிப்பைச் சோதிப்பதற்கு அட்டை போதாது. இங்கே உதவுவது, பொம்மலாட்டம் போன்ற ஒரு முறை. 1983-ல் வெளியான ஐபிஎம் நிறுவன ஆய்வு ஒன்றில், பேசினால் தானே தட்டச்சு செய்யும் இயந்திரம் வந்தால் மக்கள் எப்படிப் பயன்படுத்துவார்கள் என்று பார்த்தார்கள். அப்படியோர் இயந்திரம் அப்போது இல்லை. பேசுகிறவர் கண்ணில் படாத ஒரு தட்டச்சர் கேட்டுக் கேட்டு அடித்தார். எழுத்து திரையில் தெரிந்தது. இதை விசார்ட் ஆஃப் ஓஸ் முறை என்பார்கள். அந்தக் கதையில் பெரிய மந்திரவாதியாகத் தெரிபவர், உண்மையில் திரைக்குப் பின்னால் நின்று விசையை இயக்கும் சாதாரண மனிதர்.

நாங்களும் அப்படியே செய்தோம். ஆச்சியின் கையில் உண்மையான கைப்பேசியைக் கொடுத்து, அதில் என் நண்பரை அழைப்பில் வைத்தோம். ஆச்சி பலகையை நோக்கிக் கைப்பேசியைத் தூக்கியதும், சற்றுத் தள்ளி நின்ற நண்பர் அந்தப் பெயரை நிறுத்தி நிதானமாக இரண்டு முறை சொன்னார். பேசுவது ஒரு மனிதர்தான் என்று ஆச்சியிடம் முன்னாலேயே சொல்லிவிட்டோம். வீட்டுப் பெரியவர்களை ஏமாற்றிச் சோதனை செய்ய வேண்டிய அவசியம் இல்லை. தெரிந்திருந்தாலும் அவர்கள் கை நடந்துகொள்ளும் விதம் மாறுவதில்லை.

அங்கே ஒன்று கண்டோம். கூட்ட இரைச்சலில் ஒலி சரியாகக் கேட்காதபோது, ஆச்சி கைப்பேசியை இயல்பாகக் காதில் வைத்துக்கொண்டார். காதில் மாட்டும் கருவி எதையும் அவர் விரும்பவில்லை. கைப்பேசியைக் காதருகே கொண்டுபோனால் திரை அணைவதற்கென்றே அதில் ஓர் உணரி இருக்கிறது. ஆகவே, "பலகையைக் காட்டு, காதில் வை, பெயரைக் கேள்" என்பது புதிதாக ஒன்றையும் கற்காமலே செய்யக்கூடிய வரிசை. இதை மேசை முன் உட்கார்ந்து நான் யோசித்திருக்க முடியாது. அது ஆச்சியின் வடிவமைப்பு.

தெருவில் தெரிந்தவை

வளாகத்துக்குள் செய்த பின், ரயில் நிலையத்துக்கு வெளியே உள்ள சாலையோரத்திலும் சந்தையிலும் செய்து பார்த்தோம். நடைமேடை விளிம்பிலோ சாலையைக் கடக்கும்போதோ இத்தகைய சோதனை கூடவே கூடாது. 2016-ல் போக்கிமான் கோ விளையாட்டு வந்தபோது, திரையைப் பார்த்துக்கொண்டே நடந்து விபத்தில் சிக்கியவர்கள் உலகெங்கும் இருந்தார்கள். மிகை மெய்ம்மையின் முதல் விதி, "நின்ற பிறகு பார்" என்பதாக இருக்க வேண்டும். அசைவு உணரியைக் கொண்டே, நடக்கும்போது திரையில் எதுவும் தோன்றாமல் செய்துவிடலாம்.

வெயில் இன்னொரு பாடம் சொன்னது. வீட்டுக்குள் சில நூறு லக்ஸ் அளவே ஒளி இருக்கும். நேர் வெயிலில் அது ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். வீட்டில் பளிச்சென்று தெரிந்த திரை, நண்பகலில் கண்ணாடிச் சில்லு போல முகத்தைத்தான் காட்டியது. மெல்லிய சாம்பல் நிற எழுத்தெல்லாம் அங்கே உதவாது. தடித்த எழுத்து, நல்ல நிற வேறுபாடு இரண்டும் வேண்டும்.

அடுத்தது தமிழ்ச் சொற்களின் நீளம். தேவநாகரியில் நான்கைந்து எழுத்தில் முடிவது, தமிழில் மருத்துவமனை என்று நீண்டுவிடும். பலகையின் அதே இடத்துக்குள் அதைத் திணித்தால் எழுத்து எறும்பாகிவிடுகிறது. பலகை மேலேயே பொருத்துவதை விட்டு, திரையின் அடியில் ஒரு பட்டையில் பெரிய எழுத்தாகக் காட்டும்படி சீட்டை மாற்றினோம். மாயாஜாலம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் மூக்குக் கண்ணாடியை எடுக்காமலே வாசிக்க முடிந்தது.

கையைத் தூக்கிப் பிடிப்பதும் சுமைதான். சிறிது நேரத்தில் தோள் வலிக்கிறது, கை நடுங்குகிறது, காட்சியும் நடுங்குகிறது. ஆகவே ஒரு முறை காட்டியதும் காட்சி அப்படியே நின்றுவிட வேண்டும். கையைத் தாழ்த்தி மார்பளவில் வைத்து ஆற அமர வாசிக்க வேண்டும்.

சந்தையில் ஆச்சி கைப்பேசியைத் தூக்கவே தயங்கினார். "அவங்கள நான் போட்டோ புடிக்கேன்னு நெனச்சிருவாவ எய்யா" என்றார். எதிரே கடையில் பெண்கள் நின்றிருந்தார்கள். இந்தக் கூச்சத்தை எளிதாக எண்ணக் கூடாது. 2013-ல் கூகுள் நிறுவனம் கண்ணாடி வடிவில் ஒரு கருவியை அறிமுகம் செய்தது. அதை அணிந்தவர் தங்களைப் படம் எடுக்கிறாரோ என்ற ஐயத்தில் பல உணவகங்கள் அதற்குத் தடை போட்டன. 2015-ல் பொதுமக்களுக்கான விற்பனை நின்றது. நிறுவனங்களுக்கென்று வந்த வடிவமும் 2023-ல் நிறுத்தப்பட்டது. கருவி வேலை செய்தாலும், எதிரில் நிற்பவருக்கு அது சங்கடமாக இருந்தால் நிலைக்காது. படம் சேமிக்கப்படுவதில்லை என்பது கைப்பேசியைப் பிடித்தவருக்குத் தெரியும்; எதிரே நிற்பவருக்குத் தெரியாதே!

பேரப்பிள்ளைகளுக்கு மறுபக்கம்

இதே யோசனையைத் திருப்பிப் போட்டால், தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு உதவுமா என்றும் பார்த்தோம். சமையலறை டப்பாக்களில் கடுகு, சீரகம், வெந்தயம் என்று தமிழில் எழுதி ஒட்டினோம். ஒரு வரிசையில் அதற்குக் கீழேயே ஆங்கில எழுத்தில் அதே ஒலியை எழுதினோம். இன்னொரு வரிசையில் அந்த ஆங்கில எழுத்தின் மேல் ஒரு சிறு தாள் மூடி ஒட்டினோம், தூக்கினால்தான் தெரியும்.

முதல் வரிசையில் பிள்ளைகள் தமிழைப் பார்க்கவே இல்லை. கண் நேரே ஆங்கிலத்துக்குப் போயிற்று. இரண்டாவது வரிசையில், மூடியைத் தூக்குவதற்கு முன் "க... டு..." என்று முயன்றார்கள், சரியா என்று பார்க்கத்தான் தூக்கினார்கள். இரண்டு வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டு பொது முடிவு சொல்ல முடியாது. ஆனாலும் ஒன்று புரிகிறது. பெரியவருக்கு விடை உடனே வேண்டும். அவர் ரயிலைப் பிடிக்க வேண்டும். பிள்ளைக்கு விடை சற்றுத் தாமதித்து வர வேண்டும். அது எழுத்தைப் பிடிக்க வேண்டும். காமிரா ஒன்றுதான். காத்திருக்கும் நேரம்தான் வேறு.

நீங்களும் செய்து பார்க்கலாம்

இதற்குக் கணிப்பொறி அறிவு தேவையில்லை. வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போதும்.

முதலில், யாருக்காகச் செய்கிறோமோ அவரிடம் ஒரு வாரக் கேள்விப் பட்டியலைக் கேளுங்கள். அதில் மீண்டும் மீண்டும் வருவது எது என்று பாருங்கள்.

இரண்டாவதாக, ஓர் அட்டைச் சன்னல் செய்து, அந்தத் தேவை எழும் இடத்திலேயே காட்டுங்கள். வரவேற்பறையில் காட்டினால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

மூன்றாவதாக, அவர் பார்க்கும்போது நீங்கள் விளக்கம் சொல்லாதீர்கள். "இப்போ என்ன நெனைக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டு, வாயைத் திறந்து யோசிக்கச் சொல்லுங்கள். நடுவில் உதவிக்குப் போகும் கையை அடக்குவதுதான் இதில் கடினமான பகுதி.

நான்காவதாக, சிலவற்றை எண்ணிக் குறியுங்கள். எத்தனை தடவை கையைத் தாழ்த்தினார்? எத்தனை தடவை வேறொருவரிடம் கேட்டார்? பதில் கிடைக்க எவ்வளவு நேரம் ஆயிற்று? நன்றாக இருக்கிறதா என்று கேட்டால், நம் பெரியவர்கள் பிள்ளைகள் மனம் நோகக்கூடாதென்று நன்றாகத்தான் இருக்கிறது என்பார்கள். எண்ணிக்கைக்கு அந்தத் தாட்சண்யம் இல்லை.

ஐந்தாவதாக, ஐந்தாறு பேரிடம் செய்தால் தொடக்கத்துக்குப் போதும். பயன்பாட்டுச் சோதனைத் துறையில் பெயர் பெற்ற யாக்கோப் நீல்சன் 2000-ல் எழுதிய கட்டுரையில், ஐந்து பேரைக் கொண்டே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று வாதிட்டார். குறைகளைத் திருத்திவிட்டு, வேறு ஐந்து பேரிடம் மறுபடி செய்வதே சிறந்தது.

இத்தனைக்கும் பிறகு, அட்டையில் எழுதிய பத்து எண்களே போதும் என்று முடிவு வந்தாலும் வருத்தப்பட வேண்டாம். ஆச்சி இப்போது மாதம் இரண்டு முறை சுனாபட்டிக்குத் தனியாகப் போய் வருகிறார். கையில் இருப்பது எங்கள் செயலி அன்று. அப்படியொரு செயலி இன்னும் பிறக்கவில்லை. மூன்று நிலையப் பெயர்களும் பெரிய தமிழ் எழுத்தில் உள்ள ஓர் அட்டையும், மகன் தன் குரலில் அந்தப் பெயர்களைப் பதிவு செய்து கொடுத்த கைப்பேசியுமே இருக்கின்றன. காதில் வைத்தால் மகன் குரல் ஊர்ப் பெயரைச் சொல்லும். மருத்துவமனை அறைக்கும் மாத்திரை அட்டைக்கும்தான் காமிரா தேவைப்படும் போலத் தெரிகிறது. அடுத்து அதைச் சோதிக்க இருக்கிறோம்.

நம் சங்கத்தில் செயலி எழுதத் தெரிந்த இளைஞர்களுக்குக் குறைவில்லை. பெரியவர்களுக்கும் குறைவில்லை. மாதக் கூட்டத்தன்று நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன் அரைமணி நேரம் இந்த இரு தரப்பையும் எதிரெதிரே உட்கார வைத்து, நடுவில் ஒரு அட்டையும் கத்தரிக்கோலும் வைத்துவிட்டால் என்ன என்று செயற்குழு அன்பர்கள் யோசிக்கலாம். பெரியவர்கள் தங்கள் வாரக் கேள்விப் பட்டியலோடு வரட்டும். இளைஞர்கள் கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டு வரட்டும்.